கொழுந்தனின் தொப்பை

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, எனக்குப் பின்வரிசையில் உட்காரும் ஒரு அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். உங்கள் கொழுந்தனுக்குத் தொப்பை இருந்த இடமே தெரியவில்லையே, அவர் என்னதான் சாப்பிடுகிறார், அந்த டயட்டை என் மகனுக்கும் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். நல்ல மனுஷிதான். விவரம் தெரியாமல் கேட்டுவிட்டார். தருகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். அந்த டயட்டை எழுதுவதென்றால் அரைகுறையாக எழுத முடியாது.

என் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் சொந்த ஊர் என்று சொல்ல இந்த ஊரை விட்டால் வேறு கிடையாது. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து செகந்திராபாத்துக்கு வேலைக்கு வந்த குடும்பம். பேச்சில் நெல்லைத் தமிழ் அப்படியே நிற்கும், நடுநடுவே வேண்டாம் என்பதற்கு நக்கோவும் ஆமாம் என்பதற்கு ஹவ்வும் வந்து விழும். நான் பாளையங்கோட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்து நாங்கள் இருவரும் எங்கள் ஒரே மகளும் இருந்தோம். அல்வாலில் இருக்கும் பழைய வீட்டில் என் மாமியாரும் கொழுந்தனும். கொழுந்தனுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. பெண் வீட்டார் போட்டோவைப் பார்த்ததும் தொப்பையைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

இந்த ஊரில் ஃபாஸ்ட் ஃபுட் என்றால் பர்கர் கடை இல்லை. பொழுது சாய்ந்ததும் தெருமுனையில் வந்து நிற்கும் தள்ளுவண்டி. பண்டி என்பார்கள். சீறிக்கொண்டு எரியும் அடுப்பு, கரி பிடித்த பெரிய இரும்புச் சட்டி, வரிசையாகச் சாஸ் பாட்டில்கள். முட்டை ஃப்ரைட் ரைஸ், சிக்கன் நூடுல்ஸ், செக்கச்செவேலென்று மஞ்சூரியா. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், இளந்தாரி வயதிலிருந்தே ஷிப்ட் முடிந்தால் நேரே பண்டிக்குத்தான் போவார். தம்பி அங்கே காத்துக்கொண்டிருப்பான். அண்ணன் தம்பி பேச்சு, சிரிப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் அந்தப் பண்டி ஓரத்தில்தான் நடக்கும்.

என் மாமியாருக்குப் பண்டி என்றாலே ஆகாது. சாக்கடைத் தீனி என்பார். அந்தப் பொட்டலம் அவர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அதனால் அண்ணனும் தம்பியும் என்ன செய்வார்கள் தெரியுமா? பண்டியில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று இன்னொரு முழுச் சாப்பாடும் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் பார் என்று மாமியாருக்கு ஒரே பூரிப்பு. இப்படித்தான் வளர்ந்தன அந்த இரண்டு தொப்பைகளும். கல்யாணமான புதிதில் எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

சிரிப்பு ஒரு கோடை விடுமுறையோடு முடிந்தது. என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கியது. பிறகு வயிற்றில் நீர் கோத்தது. ஈரல் சுருங்கிப்போயிருக்கிறது என்றார் டாக்டர். குடிப்பாரா என்று கேட்டார். இவர் ஆராதனையில் கம்யூனியனுக்குக் கொடுக்கும் ஒரு மடக்குத் திராட்சரசத்தைத் தவிர எதையும் தொட்டவர் இல்லை. அப்படியானால் கொழுப்பு என்றார் டாக்டர். வருஷக்கணக்காக ஈரலில் கொழுப்புப் படிந்து, தழும்பாகி, கல்லாகிவிட்டதாம். இதைச் சபையில் யார் நம்பினார்கள்? வீட்டில் ஜெபம் பண்ண வந்த ஒரு பெரியவர், இந்தச் சகோதரனைக் கெட்ட பழக்கத்திலிருந்து விடுவியும் ஆண்டவரே என்று உருகி உருகி ஜெபித்தார். ஆமென் என்று எல்லாரும் சொன்னார்கள். இவரும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாற்று ஈரல் வைத்தால் பிழைப்பார், இல்லையென்றால் மாதக்கணக்குதான். காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்தோம். அந்த வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. உயிரோடு இருக்கும் சொந்தக்காரர் யாராவது தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும் என்றார்கள். நான் கையை நீட்டினேன். என் ரத்தம் சேரவில்லை. மகள் எட்டாம் வகுப்பு. மாமியாருக்கு வயதும் ஆகிவிட்டது, சர்க்கரை வேறு. மிச்சம் ஒரே ஆள், கொழுந்தன். அவன் ஒரு நொடி யோசிக்கவில்லை. "பாதி என்ன மைனி, முழுசா எடுத்துக்கிட்டாலும் சரிதான்" என்றான். என்னை அவன் மைனி என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு நான் அவன் கண்ணெதிரிலேயே அழுதுவிட்டேன்.

ரத்தம் சேர்ந்தது. மற்ற எல்லாம் சேர்ந்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். தம்பி ஈரலிலும் கொழுப்பு. அண்ணன் தின்ற அதே சட்டியில்தானே அவனும் தின்றான், வேறு எப்படி இருக்கும்? இந்த ஈரலை வெட்டினால் இரண்டு பேருக்கும் ஆபத்து, முதலில் தொப்பை கரைய வேண்டும் என்றார். எண்ணெயை, மைதாவை, பண்டியை விட்டுவிட்டு ஒழுங்காகச் சாப்பிட்டு நடந்தால் இரண்டு மூன்று மாதத்தில் ஈரல் தெளிந்துவிடும், அது அப்படிப்பட்ட உறுப்பு, பிறகு தேதி குறிக்கலாம் என்று தைரியம் சொன்னார். ஆக, என் புருஷன் உயிர் என் கொழுந்தன் தொப்பையில் வந்து நின்றது.

அன்றிலிருந்து நான் சமையற்காரியானேன். சோள மாவில் ரொட்டி தட்டப் பழகினேன். இந்த ஊர்க்காரர்கள் கையில் அது நிலா மாதிரி விரியும், என் கையில் ஓரமெல்லாம் கிழியும். விடாமல் தட்டினேன். முளைகட்டிய பயறு, சுரைக்காய்க் கூட்டு, முருங்கைக்கீரை, அவித்த முட்டையின் வெள்ளை, உப்புக் குறைத்த மோர், பாதி பழுத்த கொய்யா. எண்ணெயைக் கரண்டியால் ஊற்றுவதை விட்டுத் துணியால் தடவினேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அடுப்படிதான். கொழுந்தன் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வருவான், அண்ணன் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்காருவான், ராத்திரிக்கும் மறுநாளைக்குமான சாப்பாட்டைக் கேரியரில் வாங்கிக்கொண்டு அல்வாலுக்குப் போவான். என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் கேரியர், பிடியில் பச்சை ஒயர் சுற்றியது. மறுநாள் காலி கேரியர் பளபளவென்று கழுவித் திரும்பி வரும். ஒரு பருக்கை மிச்சமிருக்காது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தெம்பாக இருக்கும்.

இதற்கிடையில் என் மாமியார் இளைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் சபையில் பார்க்கும்போதும் ரவிக்கை தொளதொளவென்று ஆகிக்கொண்டே போகும். பிள்ளைக் கவலையில் உருகுகிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், எந்த மாத்திரைக்கும் மடங்காத அவருடைய சர்க்கரை ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று அவருடைய டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். எனக்குப் பாவமாக இருந்தது. என்ன இருந்தாலும் பெற்ற வயிறு. அவருக்கும் சேர்த்து இரண்டு ரொட்டி அதிகமாக வைக்க ஆரம்பித்தேன்.

கொழுந்தன் தொப்பை மட்டும் நகரவில்லை. உடம்பு வாகு அப்படி, மெதுவாகத்தான் இறங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது ஸ்கேனுக்குப் போனோம். டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கொழுப்புக் குறையவில்லை, எடையும் கொஞ்சம் ஏறியிருந்தது. வெளியே தின்கிறாயா என்று நேராகவே கேட்டார். கொழுந்தன் தரையைப் பார்த்தான். நான் அவனுக்காகச் சண்டைக்குப் போனேன். என் கையால் சமைத்துப் போடுகிறேன், கேரியர் காலியாகத் திரும்பி வருகிறது, உங்கள் மெஷினைச் சரிபாருங்கள் என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அண்ணனுக்கு நாள் அதிகமில்லை என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

அந்த வாரம் இவருக்கு மறுபடியும் வயிற்றில் நீர் எடுத்தார்கள். படுத்துக்கொண்டே, அவனை ரொம்பப் படுத்தாதே, பாவம், தீனிப்பண்டாரம் அவன் என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது ஒரு சிரிப்பு. அவருக்குப் பண்டி ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கொழுந்தன் ஆபீஸில் ஏதாவது தின்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். மாமியாரிடம் சொல்லி, அவனை அவர்தான் கண்காணிக்க வேண்டும் என்று கேட்கலாம் என்று மறுநாள் சாயங்காலம் பஸ் ஏறி அல்வாலுக்குப் போனேன். அன்றைக்கு அவன் முன்னாலேயே வந்து கேரியரை வாங்கிக்கொண்டு போயிருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி அவர்கள் தெருவுக்குத் திரும்பும் முனையில் ஒரு பண்டி நிற்கும். அடுப்பு அப்போதுதான் பற்றியிருந்தது. பண்டிக்கு முன்னால், இடுப்புக்குக் கீழே பேன்ட் இறங்கிய காலேஜ் பையன்களுக்கு நடுவில், என் மாமியார் நின்றுகொண்டிருந்தார். சபைக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலை. கையில் பச்சை ஒயர் சுற்றிய என் கேரியர்.

நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். கேரியர் கழுவித் துடைத்திருந்தது. பண்டிக்காரன் மேல் தட்டில் ஃப்ரைட் ரைஸைக் கொட்டினான், கீழ்த் தட்டில் மஞ்சூரியா. அவனிடம் என் மாமியார் தெலுங்கில் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார், கலர் போடாதே என்று. கலர் உடம்புக்கு ஆகாதாம்.

என்னைப் பார்த்ததும் பதறுவார் என்று நினைத்தேன். பதறவில்லை. கேரியரை மூடிக் கொக்கியைப் போட்டுவிட்டு, வா என்று தெருவுக்குள் நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். வேப்பமரத்தடியில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்றார். ஆரம்பத்தில் வீட்டிலேயே கறிக்குழம்பும் சோறும் வைத்துப் பார்த்தாராம், அவன் நக்கோ என்று தட்டைத் தள்ளிவிட்டானாம். என் ரொட்டிதான் வேண்டும் என்றானாம். பண்டி வாசனையை மட்டும் அவனால் தள்ள முடியாது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆக, அந்தத் திருட்டுத் தீனி அவருக்கு எப்போதிருந்தோ தெரியும். பிள்ளைகள்தான் அம்மாவை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஏன் அத்தை என்று கேட்டேன்.

"எனக்கு ரெண்டு பிள்ளைய. ஒருத்தன ஆண்டவர் கேக்காரு. குடுக்கத்தான் வேணும்னா நெஞ்சக் கல்லாக்கிட்டுக் குடுக்கேன். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல கத்திக்குக் கீழ படுக்க வைக்கச் சொல்லுதியா? ஒண்ணுகூட எந்திரிக்கலைன்னா நான் யாரப் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

ஈரல் தெளிந்துவிட்டால் கொடுக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். ஈரல் திரும்ப வளரும் என்று சொன்னேன். என் மகளைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பிறகு இதைத்தான் சொன்னார்.

"உனக்கு ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பெத்திருந்தா இப்படி நின்னு கேக்க மாட்ட."

அந்த வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன். சபையில் மன்னிப்பைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டாலும் சரி.

கேரியரைப் பிடுங்கி அப்படியே சாக்கடையில் கவிழ்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டைக் கொட்டாதே, பாவம் என்றார். என் ரொட்டியையும் அவர் ஒருநாளும் கொட்டவில்லையாம். வீணாக்க மனசு வராமல் அவரே உட்கார்ந்து தின்றாராம், சுரைக்காய், பயறு, கொய்யா எல்லாவற்றையும். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ரவிக்கை ஏன் தொளதொளத்தது, சர்க்கரை ஏன் இறங்கியது, கேரியர் ஏன் பருக்கை இல்லாமல் திரும்பி வந்தது. நான் ஓரம் கிழியக் கிழியத் தட்டிய ரொட்டியெல்லாம் என் மாமியாரைக் குணப்படுத்தியிருந்தது. இரண்டு ரொட்டி அதிகம் வேறு வைத்தேனே, பைத்தியக்காரி.

வீட்டுக்குள் கொழுந்தன் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னையும் என் கையிலிருந்த கேரியரையும் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். அம்மா கையால் கொண்டுவந்து வைத்தால் எப்படி வேண்டாமென்று சொல்வது என்று முணுமுணுத்தான். அந்த நொண்டிச் சாக்கை நான் கேட்கத் தயாராக இல்லை. உனக்குப் பயமா, அதை மட்டும் சொல் என்றேன்.

"ஹவ் மைனி. பயமாத்தான் இருக்கு. ஆனா வாரேன். என்ன இங்க மட்டும் விட்டுட்டுப் போவாதீங்க."

அவன் துணிகளை ஒரு பையில் திணித்து, ஆட்டோ பிடித்து, அவனை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாமியார் வாசலில் நின்றார். தடுக்கவில்லை, வழியும் விடவில்லை. ஒதுங்கிப் போனோம்.

வீட்டில் இவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பெற்ற தாயைப் பற்றி அந்த நிலைமையில் அவரிடம் எப்படிச் சொல்வது? தம்பி கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் என்றேன், அவருக்கு ஒரே சந்தோஷம். அண்ணனும் தம்பியும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து உப்பில்லாத சுரைக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். ஒரு சிங்கிள் மஞ்சூரியா பார்சல் என்று ரொட்டியைப் பார்த்து இவர் ஆர்டர் கொடுப்பார். "சித்தப்பா, நோ சீட்டிங்" என்று மகள் காவல் காப்பாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், வாயைத் திறந்தால் இங்கிலீஷும் தெலுங்கும்தான். காலையில் இவரைத் திண்டு வைத்துச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, கொழுந்தன் காலனியைச் சுற்றிச் சுற்றி வேர்க்க விறுவிறுக்க நடப்பான். ஜன்னல் வழியாக இவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

தொப்பை கரைந்தது. கண்முன்னால் கரைந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட ஆணியைத் தேடினான். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. மறுபடியும் ஸ்கேனுக்குத் தேதி வாங்கினோம். இந்த முறை ஒரு குறையும் இருக்காது என்று என்னால் அடித்துச் சொல்ல முடிந்தது. எனக்கு எல்லாம் தெரியும், நாள் எத்தனை மிச்சம் என்பதைத் தவிர.

அந்தத் தேதிக்கு முந்தின வாரம் இவர் காலையில் பல் விளக்கும்போது ரத்தமாக வாந்தியெடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் கொழுந்தனும் ஒரு பெஞ்சில், மாமியார் வேறு பெஞ்சில். உள்ளே போன இவர் திரும்பி வரவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் என் கொழுந்தனைப் பார்த்து, ஆளே மாறிவிட்டாயே, அண்ணனுக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறாய் என்று முதுகில் தட்டினார்கள். மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கொழுந்தனுக்குப் போன் செய்து ஸ்கேன் தேதியை ஞாபகப்படுத்தினாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வேண்டாமென்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். கொழுந்தன் என்ன செய்தான் தெரியுமா, யாரிடமும் சொல்லாமல் போய் எடுத்துக்கொண்டு வந்தான். வாசலில் நின்றபடியே என்னிடம் சொன்னான்.

"இப்போ எடுக்கலாமாம் மைனி."

நான் அவனை உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

மகளும் நானும் மட்டும் இருக்கும் வீட்டில் அவன் தங்குவது சரியில்லை என்று, அடக்கம் முடிந்ததுமே அவனே அல்வாலுக்குத் திரும்பிப் போயிருந்தான். அங்கே அம்மா சமைப்பதைத் தொடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டு முட்டையை அவித்துத் தின்றுவிட்டு ஆபீஸ் போகிறான், வந்தால் ஒரு டம்ளர் மோர், கதவைச் சாத்திக்கொள்கிறான். தொப்பை போய், வயிறு ஒட்டி, கன்னம் குழிந்துவிட்டது. அதைத்தான் சபையில் டயட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் எதை நான் அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுக்க?

அந்த யோசனையிலேயே இருந்தபோது, அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலமே என் மாமியார் வந்தார். இவர் போனபின் முதல்முறையாக என் வீட்டுக்கு வருகிறார். பஸ்ஸில் வந்த களைப்பு, வியர்வை. கையில் பச்சை ஒயர் சுற்றிய என் கேரியர். கொழுந்தனைக் கூட்டி வந்த அவசரத்தில் அதை அல்வால் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். காலியாக இருந்தது. பளபளவென்று கழுவியிருந்தார். அதை மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"நான் எதப் போட்டாலும் திங்க மாட்டேங்கான். பண்டியில வாங்கிக் குடுத்தும் பாத்துட்டேன், தொடல. இப்படியே போனா இவனும் போயிருவான். உன் ரொட்டின்னா தின்பான். கொஞ்சம் தட்டிக் குடு தாயி, கொண்டுபோறேன்."

தாயி என்று அவர் என்னை அதற்கு முன் கூப்பிட்டதில்லை.

இந்தத் தடவை யார் அத்தை திங்கப்போறது என்று கேட்டேன். அவர் கேரியரின் மூடியைத் திறந்து, மறுபடியும் மூடி, கொக்கியைப் போட்டார்.

சோள மாவு தீர்ந்துபோச்சு அத்தை என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, காலி கேரியரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். மாவு டப்பா அடுப்படியில் நிறைய இருந்தது.